"மத்தபடி நல்லாத்தான் இருக்கா"

கேள்வி: அக்கா, நாங்க கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டுக்காரர் தேங்கா யாவாரம். மூத்த பொண்ணுக்கு 15 வயசு, பத்தாவது படிக்கறா. 6 வயசுல இருந்து பரதநாட்டியம், ஸ்கூல் கலோத்சவத்துல, அதான் கேரளா ஸ்கூல் கலைப்போட்டில, ஏ கிரேடு வாங்கியிருக்கா. நாலு வருஷமா சனிக்கிழமை கோயமுத்தூர் போய் பாலேயும் கத்துக்கறா, லண்டன் அகாடமி எக்ஸாம்ல கிரேடு 5 மெரிட்ல பாஸ் பண்ணிட்டா. அடுத்தது இன்டர்மீடியட் ஃபவுண்டேஷன், அதுல பாயின்ட் ஷூ போட்டு ஆடணும். பாலே டீச்சர் ஒரு வருஷம் போகட்டும்ங்கறாங்க. துபாய்ல இருக்கற என் நாத்தனார் இந்த சர்டிபிகேட் இருந்தா டான்ஸ் டீச்சராவே ஆயிரலாம், சீக்கிரம் எழுத வைங்கறா. இவரு வெள்ளக்காரன் ஆட்டம் எதுக்கு, ரெண்டையும் நிறுத்திட்டு படிக்கட்டும்ங்கறார். இந்த வருஷம் கலோத்சவமும் எக்ஸாமும் கிட்டகிட்ட வருது. ராத்திரி முட்டிக்கு தைலம் தேச்சு விட்டாத்தான் தூங்குவா, பாலே டீச்சருக்கு தெரிஞ்சா எக்ஸாமுக்கு அனுப்ப மாட்டாங்கன்னு ரெண்டு டீச்சர்கிட்டயும் நாங்க சொல்லல, மத்தபடி நல்லாத்தான் இருக்கா. எத விடறது, எத புடிக்கறது? சீக்கிரமா டீச்சர் ஆகறதுக்கு எது வழி?

பதில்:

அம்மிணி, உங்க லெட்டர நான் மூணு தடவ படிச்சேன். மூணு தடவையும் ஒரே எடத்துல நின்னுட்டேன், அந்த "மத்தபடி"ல. தெனமும் ராத்திரி தைலம் தேய்க்காம தூங்க முடியாத ஒரு 15 வயசு பொண்ண வெச்சுக்கிட்டு மத்தபடி நல்லாத்தான் இருக்காங்கறீங்களே, மத்தபடின்னா எது, தலமுடியா?

சர்டிபிகேட்டு, துபாயி, கலோத்சவம் எல்லாம் அப்பறம். எத்தன மாசமா தேய்க்கறீங்க? ரெண்டு முட்டியா, ஒரு முட்டியா? முட்டிச் சில்லுக்கு பின்னாடியா, இல்ல அதுக்குக் கீழ கால் எலும்பு ஆரம்பிக்கற எடத்துல சின்னதா புடைப்பு மாதிரி இருக்கா? படி எறங்கும்போது வலிக்குதா? வீங்குதா? இதுல ஒண்ணு கூட நீங்க எழுதல. கிரேடு 5, மெரிட்டு, எத்தன வருஷம், என்ன கெழமை எல்லாம் கரெக்டா எழுதத் தெரிஞ்சுது, தெனம் கையால தொடற முட்டியப் பத்தி ஒரே ஒரு வரி, அதுவும் கடைசில. நான் டாக்டர் இல்ல, பேரு சொல்ல மாட்டேன். வளர்ற வயசுல குதிக்கற புள்ளைங்களுக்கு முட்டிக்குக் கீழ தசைநார் எலும்ப இழுத்து வலி வர்றது உண்டு, ஆட்டத்தக் கொறச்சுக்கிட்டா பெரும்பாலும் போகப் போக சரியாவும், ஆனா அதே வலி மேல மாசக்கணக்கா குதிச்சா இழுத்துக்கிட்டே போகும். வேற எதாவதாவும் இருக்கலாம். அத எலும்பு டாக்டர்தான் பாத்து சொல்லணும், தைல பாட்டில் சொல்லாது.

உடனே உங்க மனசுல என்ன ஓடும்னு எனக்குத் தெரியும், நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். நம்ம பாலக்காட்டுப் பக்கம் உழிச்சில் இல்லாத ஆட்டமா, கதகளி புள்ளைங்களுக்கு மழக்காலத்துல உடம்பு பூரா எண்ணெ தேச்சு ஆசான் காலாலயே மிதிச்சு விடறதில்லையான்னு. விடறாங்க. 1930ல கவிஞர் வள்ளத்தோள் கதகளி சொல்லிக் குடுக்க கலாமண்டலம் தொடங்கறதுக்கு முன்னாடி இருந்தே அந்த வழக்கம் இருக்கு. ஆனா அது உடம்ப பயிற்சிக்கு வளைச்சுக் கொண்டுவர்றதுக்கு, பழகின ஆசான், எண்ணி வெச்ச நாள் கணக்கு, அந்தப் பையன் உடம்பு எங்க மடங்கும் எங்க மடங்காதுன்னு அவருக்கு அத்துபடி. நீங்க பண்றது மறுநாள் காலைல திரும்பவும் அதே முட்டிய அதே தரையில போட்டு தட்டறதுக்காக ராத்திரி வாய அடைக்கறது. ரெண்டையும் ஒண்ணா சேக்காதீங்க.

அந்தத் தரை என்ன தரைன்னும் எழுதல, ஆனா எனக்குத் தெரியும், சிமெண்ட்டு, இல்லாட்டி டைல்ஸ். நம்ம ஊர்ல பாதி டான்ஸ் கிளாஸ் மொட்டமாடில ஷீட்டு போட்டு நடக்குது. வெறுங்கால்ல தட்டடவு, அதான் பாதத்த தரையில தட்டி ஆடற அடிப்படை அடவு, தட்டும்போது மரத்தரைன்னா கொஞ்சம் வாங்கிக்கும், சிமெண்ட்டு எதையும் வாங்காது, அப்படியே முட்டிக்கும் இடுப்புக்கும் திருப்பி அனுப்பும். இன்னொண்ணு அரைமண்டி, முட்டிய மடக்கி பாதி உக்காந்து நிக்கறது. முட்டிய வெளிய திருப்பு திருப்புன்னு சொல்லிக் குடுப்பாங்க, ஆனா அந்த திருப்பம் இடுப்பு மூட்டுல இருந்து வரணும். இடுப்பு அவ்வளவு திரும்பாத புள்ளைங்க என்ன பண்ணும்னா பாதத்த மட்டும் தரையில அழுத்தி வெளிய திருப்பி வெச்சுக்கும், பாக்கறதுக்கு அழகா இருக்கும், ஆனா பாதம் ஒரு பக்கம் தொடை ஒரு பக்கம் இழுக்க நடுவுல மாட்டறது முட்டி. முட்டி கதவுக் கீல் மாதிரிங்க, முன்ன பின்ன மடங்கத்தான் இருக்கு, முறுக்கறதுக்கு இல்ல. இப்ப கேளுங்க, பாலேலயும் இதே கததான், அவங்க அத டர்ன் அவுட்டும்பாங்க, உக்கார்றதுக்கு பேரு ப்ளியே, கோளாறு மட்டும் ஒண்ணே. ஆக உங்க பொண்ணு வாரம் பூரா சிமெண்ட்டுல அரைமண்டி, சனிக்கிழமை ப்ளியே, அதுக்கு மேல குதிக்கறது, அதுக்கு மேல கலோத்சவ ஐட்டம். முட்டிக்கு லீவே கெடையாது.

இந்த நெலமையில பாயின்ட் ஷூ கேக்கறீங்க. அது என்னன்னு தெரியுமா, மொத்த உடம்பு பாரமும் ரெண்டு கால் வெரல் நுனியில. கணுக்காலும் பாதமும் நடு உடம்பும் அதுக்கு தயாரா இருக்கான்னு பாத்துட்டுத்தான் படிச்ச டீச்சர் யாரும் போட விடுவாங்க, 11, 12 வயசுக்கு முன்னாடி பொதுவா பேச்சே எடுக்க மாட்டாங்க, அப்பறமும் வயசு ஆயிருச்சுன்னு மட்டும் பாத்து குடுக்க மாட்டாங்க. உங்க கோயமுத்தூர் டீச்சர் ஒரு வருஷம் போகட்டும்னு சொன்னது முட்டி வலி தெரியாமயே சொன்னது. தெரியாமயே அந்தம்மா கண்ணுக்கு ஏதோ பட்டிருக்கு பாருங்க. ஃபீஸ் வாங்கிட்டு எழுத விட்டிருந்தா அந்தம்மாவுக்கு என்ன நட்டம்? அப்படிப்பட்ட டீச்சர் கெடைச்சிருக்காங்க, அவங்களுக்குப் போய் ஒளிச்சு வெக்கறீங்க.

இங்கதான் எனக்கு கோவமே. வலி வர்றது தப்பில்ல, ஆடறவங்களுக்கு வரும். மறைச்சீங்க பாருங்க, அம்மாவும் பொண்ணும் சேந்து, அது. 15 வயசு புள்ள எக்ஸாம் ஆசையில அம்மா சொல்லிராதன்னு கெஞ்சத்தான் செய்யும், அந்த வயசுக்கு அது சகஜம். அம்மா எதுக்கு அதுக்கு கூட்டு? வீட்டுல அம்மான்னு ஒருத்தி இருக்கறதே புள்ள கேக்கறதுல எதுக்கு முடியாதுன்னு சொல்லணுமோ அதுக்கு முடியாதுன்னு சொல்றதுக்குத்தான், கூட ஒளிஞ்சுக்கறதுக்கு கூட்டாளி ஸ்கூல்லயே நெறைய கெடைப்பா. குருகிட்ட ஒடம்பப் பத்தி பொய் சொல்லிட்டு கத்துக்கற வித்தை எங்க போய் நிக்கும்னு எங்க அப்பத்தா இருந்தா ஒரு பழமொழி சொல்லியிருக்கும், எனக்கு அது இப்ப வாயில வரல.

சரி டீச்சர் வேலைக்கு வரேன். உங்க நாத்தனார் அரைகுறையா சொல்லியிருக்கா. ராயல் அகாடமி ஆஃப் டான்ஸுன்னு லண்டன்ல ஒண்ணு இருக்கு, 1920ல ஆரம்பிச்சது, உங்க பொண்ணு எழுதினது அந்த எக்ஸாமா இருந்தா அது கிரேடு 1ல இருந்து 8 வரைக்கும் ஒரு வரிசை, இன்டர்மீடியட் ஃபவுண்டேஷன்ல இருந்து மேல போறது வேற வரிசை. உள்ள எக்ஸாமினர் உக்காந்திருப்பாங்க, புள்ளைங்க ஆடும், டீச்சர் வெளியதான் நிக்கணும், மார்க்க பொறுத்து பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன். இதெல்லாம் நீ எப்படி ஆடறேங்கறதுக்கு குடுக்கற மார்க்கு. நீ எப்படி சொல்லிக் குடுப்பேங்கறதுக்கு இல்ல. டீச்சராகணும்னா அதுக்குன்னு தனி படிப்பு இருக்கு, அத முடிச்சு பதிவு பண்ணின டீச்சர்தான் அந்த எக்ஸாமுக்கு புள்ளைங்கள அனுப்பவே முடியும். அந்தப் படிப்புல என்ன சொல்லிக் குடுக்கறாங்கன்னு பாருங்க, வளர்ற ஒடம்பு எப்படி வேல செய்யுது, எந்த வயசுக்கு எத குடுக்கலாம் எத குடுக்கக் கூடாது, ஆடற புள்ளைக்கு காயம் வராம எப்படி பாத்துக்கறது. ஆமாங்க, உங்க வீட்டுல ராத்திரி நடக்கறதுதான் அங்க பாடமே. இன்னிக்கு சொந்த முட்டிய மறைக்கப் பழகினவ நாளைக்கு முப்பது புள்ளைங்கள முன்னாடி நிறுத்தினா, வலிக்குது டீச்சர்னு ஒரு குட்டி வந்து சொல்லும்போது என்ன சொல்லுவா? எனக்கும்தான் வலிச்சுது, தைலம் தேச்சுக்கோம்பா. நம்ம ஊர் டான்ஸ் கிளாஸ்ல இப்படி சொல்ற டீச்சருங்க ஏற்கனவே போதுமான அளவுக்கு இருக்காங்க, நீங்க ஒண்ணு புதுசா செஞ்சு குடுக்க வேண்டாம்.

பரதத்துலயும் குறுக்கு வழி கெடையாது. சென்னை கலாக்ஷேத்ரால டிப்ளமோ மட்டும் 4 வருஷம். கேரளா பக்கம்னா பாரதப்புழாவத் தாண்டினா செறுதுருத்தில கலாமண்டலம் இருக்கு, அங்க மோகினியாட்டம், திருப்பூணித்துறைல ஆர்எல்வி காலேஜ்ல பரதநாட்டியத்துக்கே டிகிரி. எல்லாம் பத்தாவது பன்னண்டாவது ஒழுங்கா முடிச்சப்பறம் யோசிக்கலாம். உங்க பொண்ணுக்கு 15தான் ஆவுது, 22 வயசுல டீச்சரானா யாரும் லேட்டுன்னு சொல்லப் போறதில்ல, நாத்தனாரத் தவிர.

உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு. வெள்ளக்காரன் ஆட்டம் எதுக்குங்கறாரே, கலாக்ஷேத்ராவத் தொடங்கின ருக்மிணி தேவி மொதல்ல பாலேதான் கத்துக்கிட்டாங்க, ரஷ்யாவோட பெரிய பாலே ஆட்டக்காரி ஆன்னா பாவ்லோவாவோட குழுவுல இருந்த க்ளியோ நோர்டிகிட்ட. அந்த பாவ்லோவாதான் உங்க நாட்டு ஆட்டத்த போய் தேடுன்னு சொன்னது. அப்பறம்தான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பரதம், 1936ல கலாக்ஷேத்ரா. அதனால அந்த வாதம் நிக்காது. ஆனா அவரு நிறுத்துன்னு சொன்னதுல எனக்கு வேற ஒரு சந்தேகம். அவருக்கு இந்த தைலக் கத தெரியுமா? தெரியாதுன்னுதான் நெனைக்கறேன், தெரிஞ்சிருந்தா லெட்டர்ல அவரு படிப்ப மட்டும் பேசியிருக்க மாட்டாரு. ரெண்டு டீச்சருக்கும் ஒளிச்சு, பெத்தவனுக்கும் ஒளிச்சு, யாரும் மொகம் பாக்காத ஒரு பத்திரிகைக்காரிக்கு எழுதியிருக்கீங்க. தேங்கா லோடு ஒரு நாள் நின்னா ஒண்ணும் ஆவாது, பாலக்காட்டுல எலும்பு டாக்டர்கிட்ட அவரும் கூட வரட்டும். அப்பன் வந்து உக்காந்தா புள்ள டாக்டர்கிட்ட கொறச்சு சொல்லாது. ஃபிசியோதெரபி சொன்னா அத பாதில விடாதீங்க, எந்தெந்த அடவு, எந்தெந்த குதி வேண்டாம்னு எழுதி வாங்கிட்டு வந்து ரெண்டு டீச்சர் கையிலயும் குடுங்க.

கலோத்சவமா எக்ஸாமாங்கறதுக்கு என் பதில், டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ரெண்டும் இல்ல. ஏ கிரேடு ஏற்கனவே இருக்கு. எக்ஸாம் அடுத்த வருஷமும் வரும். ஆடாத நாள்ல கிளாஸுக்கு போய் ஓரமா உக்காந்து பாக்கட்டும், எந்த புள்ளைக்கு இடுப்புல இருந்து திரும்புது, எது பாதத்த மட்டும் திருப்புதுன்னு ஒரு நோட்டுல எழுதட்டும். நிஜமா டீச்சராகற ஆச இருந்தா அதுல உக்காருவா. நாலு நாள்ல சலிச்சுப் போச்சுன்னா ஆசப்பட்டது மேடைக்குன்னு அவளுக்கே வெளங்கிரும், அதுவும் தப்பில்ல.

பரதம் டீச்சர்கிட்ட வெத்தல பாக்கு பழம் வெச்சு மன்னிப்பு கேளுங்க, அவங்க திட்டுவாங்க, வாங்கிக்குங்க. அப்பறம் இந்த சனிக்கிழமை கோயமுத்தூர் பஸ்ல அவள தனியா ஏத்தி விடாதீங்க, நீங்களும் ஏறுங்க. வேலந்தாவளம் தாண்டறதுக்குள்ள, டீச்சர்கிட்ட முட்டியப் பத்தி பேசப் போறது நான்தான்னு அவகிட்ட சொல்லிருங்க. ஸ்டுடியோ வாசல்ல வெச்சு சொன்னா மத்த புள்ளைங்க முன்னாடி அழுவா, பஸ்ஸுலயே அழுது முடிச்சுரட்டும்.