“கீழ்ப்படியுங்கள்” என்று சொன்ன இடத்தில் அன்பு எங்கே இருக்கிறது?

“மனைவிகளே, புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எழுதியவரிடம் குடும்ப அன்பைப் பற்றி என்னத்தைக் கற்றுக்கொள்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அந்த வரி பைபிளில் பவுலின் பெயரில் உள்ள எபேசியர் நிருபத்தில் (நிருபம் என்றால் கடிதம்) இருக்கிறது. எங்கள் சபையில் கல்யாணத்துக்குக் கல்யாணம் அதன் 5ஆம் அதிகாரத்தை வாசிப்பார்கள், அதுவும் சரியாக 22ஆம் வசனத்தில் ஆரம்பிப்பார்கள். அதற்கு முந்தின வசனம் “ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்” என்பதை நானே கல்லூரி முடித்த பிறகுதான் கவனித்தேன். கிரேக்க மூலத்தின் மிகப் பழைய பிரதிகள் சிலவற்றில் 22இல் “கீழ்ப்படியுங்கள்” என்ற வினைச்சொல்லே கிடையாது, 21இல் இருப்பதுதான் அங்கேயும் ஓடுகிறது. (வசன எண்களே 1551இல் ஒரு பிரெஞ்சு அச்சுக்காரர் போட்டவை.)

சரி, அன்புக்கு வருவோம். மனைவி அடங்கி நடக்கணும் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. அரிஸ்டாட்டிலும் கணவன்-மனைவி, தகப்பன்-பிள்ளை, எஜமான்-அடிமை என்று இந்த நிருபம் பேசுகிற இதே மூன்று ஜோடிகளை வைத்துத்தான் குடும்பத்தைப் பேசுகிறார். ஆனால் அவர் பேசுவது முழுக்க ஆளுகிற ஆணின் பக்கத்திலிருந்து.

அந்த ஆணிடம் அன்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. கி.மு. 1இல் ஹிலாரியோன் என்பவன் அலெக்சாந்திரியாவிலிருந்து மனைவி ஆலிஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று எகிப்திய மணலில் கிடைத்திருக்கிறது. கூலி வந்ததும் அனுப்புகிறேன், உன்னை எப்படி மறப்பேன், கவலைப்படாதே என்கிறான். அதே கடிதத்தில், பிறப்பது ஆண் என்றால் வைத்துக்கொள், பெண் என்றால் வெளியே போட்டுவிடு என்கிறான். பாசமும் இருக்கிறது, பிள்ளை பிழைப்பதா வேண்டாமா என்ற முடிவும் அவன் கையில் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஆண்களிடம்தான் எபேசியர் நிருபம் (பவுலே எழுதினாரா, அவருடைய சீடர் எழுதினாரா என்ற விவாதம் தனி) மனைவிகளுக்கு மூன்றே வசனம் சொல்லிவிட்டு, அப்புறம் ஏழெட்டு வசனத்துக்கு விடாமல் பேசுகிறது. சபைக்காகக் கிறிஸ்து தம்மையே கொடுத்த மாதிரி, சொந்த உடம்பைப் போஷிக்கிற மாதிரி மனைவியை நேசி என்கிறது. பவுலின் பெயரிலேயே உள்ள இன்னொரு கடிதமான கொலோசெயர் நிருபம் மனைவிமேல் கசந்துகொள்ளாதே, பிள்ளைகள் மனம் உடைந்துபோகிற அளவுக்கு அவர்களைச் சீண்டாதே என்கிறது. கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது இந்தப் பகுதியாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதைச் சமத்துவம் என்று நான் சொல்ல மாட்டேன். அடிமைகளுக்கும் அதே “கீழ்ப்படியுங்கள்” தான், அடிமைமுறையே தப்பு என்று ஒரு வரிகூட இல்லை, அதை மழுப்பி விளக்கம் கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் கொலோசெயர் நிருபத்தைக் கொண்டுவருகிற தீகிக்கு என்ற பவுலின் உடன் ஊழியனோடு கூட வருகிறவன் ஒநேசிமு. பிலேமோன் என்ற கிறிஸ்தவரின் அடிமை. இனிமேல் அவனை அடிமையாக இல்லை, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பிலேமோனுக்குப் பவுல் தனியாக எழுதிய ஒரு கடிதமும் உண்டு. சபை அப்போது வீடுகளில்தான் கூடும். “அடிமைகளே” என்று சத்தமாக வாசித்தபோது எஜமானும் அடிமையும் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.