476-இல் மேற்கு ரோமப் பேரரசு ஒரே நாளில் விழுந்ததா? ஜெர்மானியர் ஆட்சிக்கு வந்ததும் உண்மையில் என்ன மாறியது?

476 என்பது பாடப்புத்தக வசதிக்கான ஆண்டு. அந்தச் செப்டம்பரில் ஜெர்மானியப் படைத்தலைவர் ஒடோவாக்கர், மேற்கின் பேரரசராக இருந்த சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸைப் பதவியிலிருந்து இறக்கினார். கொல்லவில்லை. ஆண்டுக்கு 6,000 சாலிடஸ் பொற்காசு வருமானம் ஒதுக்கி, உறவினர்களோடு தென் இத்தாலியின் கம்பானியாவுக்கு அனுப்பிவைத்தார். ரோமில் செனட் வழக்கம்போலக் கூடியது, வரியும் வசூலானது. என்ன மாறியது என்று தெரிய வேண்டுமென்றால் அரியணையை விட்டுவிட்டுக் கருவூலத்தைப் பாருங்கள்.

ரோம அரசு என்பது சுருக்கமாக இவ்வளவுதான்: நிலத்துக்கு வரி போடு, அதை வைத்துச் சம்பளப் படையை நடத்து. மேற்கில் அந்த வரியின் வளமான ஊற்று வட ஆப்பிரிக்கா. 439 அக்டோபர் 19 அன்று வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன் கெய்செரிக் கார்த்தேஜைப் பிடித்தான். என்னைக் கேட்டால், 410-இல் கோத்துகளின் தலைவன் அலாரிக் ரோம் நகரைச் சூறையாடியதைவிட இதுதான் பெரிய அடி. கொள்ளை போன நகரம் திரும்ப எழும். போன வருமானம் திரும்பவில்லை. 444-45இல் பேரரசர் மூன்றாம் வாலன்டினியன் போட்ட சட்டமே இதற்குச் சாட்சி. புதிதாகச் சேர்த்த வீரர்களுக்கும் சரி, பழைய படைக்கும் சரி, சோறும் துணியும் கொடுக்க வரி போதவில்லை என்று ஒப்புக்கொண்டு, விற்பனை மீது 24-இல் ஒரு பங்கு புது வரி விதித்தார். பாதி வாங்குபவர் தலையில், பாதி விற்பவர் தலையில். ஆப்பிரிக்காவை மீட்க 468-இல் கிளம்பிய பெருங்கடற்படையைக் கெய்செரிக் தீக்கப்பல்களை விட்டுக் கொளுத்தினான். அதோடு நம்பிக்கை போயிற்று.

சம்பளம் நின்றால் எல்லைக் காவல் என்னவாகும்? டான்யூப் கரையில் பட்டாவிஸ், இன்றைய பாசாவ். துறவி செவெரினுஸின் வரலாற்றை எழுதிய யூகிப்பியஸ் சொல்கிறார்: மற்ற ஊர்களில் படியளப்பு நின்றதும் படைப்பிரிவுகள் கலைந்தன. பட்டாவிஸ் பிரிவு மட்டும் தாக்குப்பிடித்தது. அதில் சிலர் கடைசிச் சம்பளத்தை வாங்கிவர இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். வழியிலேயே வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். ஊருக்குச் செய்தி சொன்னது ஆறு கரையில் ஒதுக்கிய பிணங்கள். பெரும்போர் எதுவும் இல்லாமலேயே ஒரு எல்லை இப்படித்தான் மறைந்தது.

காசு இல்லாத அரசு படைக்கு எதைக் கொடுக்கும்? நிலத்தை. ஒடோவாக்கரின் வீரர்கள் கேட்டது இத்தாலிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 493-இல் அவரை விருந்துக்கு அழைத்துக் கொன்ற ஆஸ்ட்ரோகாத் (கிழக்குக் கோத்து இன) அரசன் தியோடரிக், கோத்துகளுக்குப் பங்கு பிரிக்கும் வேலையை லிபேரியஸ் என்ற ரோமப் பிரபுவிடம் ஒப்படைத்தான். பிரித்தது நிலத்தையா, நிலத்தின் வரியையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. எப்படியோ, ரோமர்களுக்கு வலி தெரியாமல் வேலை முடிந்தது என்று லிபேரியஸைப் பாராட்டி எழுதினார் அக்காலத் திருச்சபை எழுத்தாளர் என்னோடியஸ். (பாராட்டுக் கடிதம்தான், கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும்.) இத்தாலியில் ரோம நிர்வாகத்தைப் பெருமளவு சிதைத்தது கோத்துகள் அல்ல, அவர்களை விரட்ட 535-இல் படை அனுப்பிய கிழக்குப் பேரரசர் ஜஸ்டினியன் நடத்திய இருபதாண்டுப் போர்.

இங்கேதான் ஐரோப்பாவின் இடைக்காலம் தொடங்குகிறது. வீரன் தன் நிலத்தில் விளைந்ததைச் சாப்பிட்டுக்கொண்டே போருக்கு வந்துவிடுவான். பிறகு அரசனுக்கு வரி எதற்கு? வரி கட்டுபவனும் அதைத்தான் கேட்டான். கால் (Gaul, பெரும்பாலும் இன்றைய பிரான்ஸ்) பகுதியில், ஃபிராங்க் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன் கில்பெரிக் புதுப் பதிவேடு எழுதி, திராட்சைத் தோட்டத்துக்கு அளவு வைத்து ஒயின் கேட்டபோது, 579 மார்ச் 1 அன்று லிமோஜ் மக்கள் திரண்டு அதிகாரி மார்க்கைக் கொல்லப் பார்த்தார்கள். பிஷப் ஃபெர்ரியோலுஸ் குறுக்கே வந்ததால் பிழைத்தார், பதிவேடுகள் எரிந்தன. அரசன் பழிவாங்கிச் சிலரை வதைத்தான், வரியை இன்னும் ஏற்றினான். அடுத்த ஆண்டே வயிற்றுக்கடுப்பு நோய் அவன் பிள்ளைகளைப் படுக்கவைத்தது. ஏழைகளின் கண்ணீர்தான் காரணம் என்று ராணி ஃபிரெடெகுண்ட் தன் ஊர்களின் ஏடுகளை நெருப்பில் போட்டாள். தயங்கி நின்ற அரசனையும் போடவைத்தாள். பிள்ளைகள் பிழைக்கவில்லை. 614-இல் அவர்களின் தம்பி இரண்டாம் குளோத்தார், மக்கள் எதிர்க்கும் புது வரிகளை விசாரித்து நீக்குவதாகப் பாரிஸில் ஆணையே பிறப்பித்தான்.