பேட் வைத்தியம்: ஆசாரி மகன் பதில்கள்

பாளையங்கோட்டையில் அப்பா கதவு, நிலை செய்த பட்டறையில்தான் நான் முப்பது வருஷமாக கிரிக்கெட் பேட் பழுது பார்க்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, எண்ணெய் பற்றியவை. ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டதால் மீதியில் தண்ணீர் புகுந்துவிட்டது.

*அண்ணாச்சி, டியூஷன் எடுத்துச் சேர்த்த 14,000 ரூபாயில் இங்கிலிஷ் வில்லோ பேட் வாங்கியிருக்கிறேன். ‘ரெடி டு பிளே’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச். அப்படியே இறங்கலாமா?*
*– கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்*

வேண்டாம் தம்பி. இந்த ஞாயிறு பழைய பேட்டோடு போங்கள்.

வில்லோ மெத்தென்ற மரம். பேட் செய்கிறவர்கள் பந்து படும் முகத்தை உருளையில் கொடுத்து அழுத்தி நாரை இறுக்குகிறார்கள். ஆனால் ஓரங்களும் அடிமுனையும் அந்த அளவுக்கு இறுகுவதில்லை. மேட்ச் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். புதுப் பந்து வேகமாக வந்து ஓரத்தில் பட்டால், 14,000 ரூபாயும் ஒரு சில்லாகப் பெயர்ந்து ஸ்லிப் ஃபீல்டர் காலடியில் கிடக்கும். இப்படிப் பெயர்ந்த சில்லைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனியில் சுத்தியால் தட்டி இறுக்கியிருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு மேலும் நாம் தட்ட வேண்டும்.

முதலில் எண்ணெய், அதை அடுத்த பதிலில் பாருங்கள். அது காய்ந்த பிறகு தட்டுங்கள். பக்கத்து ஆசாரியிடம் கொட்டாப்புளி இரவல் வாங்காதீர்கள். அதன் விளிம்பு பட்டால் முகத்தில் பள்ளம் விழும். விளையாட்டுச் சாமான் கடையில் தலை உருண்ட மரச்சுத்தி கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய லெதர் பந்தை காலுறைக்குள் போட்டு முடிந்துகொள்ளுங்கள்.

பிள்ளை தூங்கும் வீட்டுக் கதவைத் தட்டுவது போல் ஆரம்பியுங்கள். தினமும் அரைமணி நேரம், பத்துப் பன்னிரண்டு நாள். மொத்தம் ஐந்தாறு மணி நேரம் வந்துவிடும். நாளாக ஆக கையில் வலுவைக் கூட்டலாம். ஓரத்தை நேராகப் பக்கவாட்டில் அடிக்கக் கூடாது. முகமும் ஓரமும் சேரும் மூலையைச் சாய்வாகத் தட்டித் தட்டி உருட்ட வேண்டும். அதிக நேரம் கேட்பது இந்த மூலைதான். பையன்கள் அவசரப்படுவதும் இங்கேதான். பின்பக்கத்தையும் அடிமுனையின் கீழ்ப்பரப்பையும் தட்டாதீர்கள்.

நகத்தால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். தடம் நின்றால் இன்னும் ஆகவில்லை. சத்தமும் மாறும், முதலில் ‘பொத்’ என்று விழும், போகப் போக ‘டொக்’ என்று எழும்பும். பிறகு பழைய பந்தை யாரையாவது மெதுவாகப் போடச் சொல்லி விளையாடிப் பாருங்கள். முகத்தில் தையல் தடம் ஆழமாகப் பதிந்தால் மறுபடியும் சுத்தி. எங்கள் தெருவில் மதியம் இரண்டு முதல் நான்கு வரை நான் தட்டுவதில்லை. எதிர்வீட்டு ஆச்சி கண் அசரும் நேரம் அது.

*என் மகன் சமையலறையிலிருந்து செக்கு நல்லெண்ணெயைத் தூக்கிக்கொண்டு போய் பேட்டில் ஊற்றுகிறான். கேட்டால் மரத்துக்கு நல்லது என்கிறான். உண்மையா?*
*– ஒரு தாய், வள்ளியூர்*

நல்லெண்ணெய் உங்கள் மகன் தலைக்கு நல்லது அம்மா. பேட்டுக்கு ஆளிவிதை எண்ணெய்.

ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் மெல்ல இறுகி, மரத்தின் மேல் தோல் போலப் படியும். ஈரத்தைச் சட்டென்று உள்ளே விடாது. உள்ளே இருக்கும் ஈரப்பதம் சட்டென்று காய்ந்துபோகவும் விடாது. தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது, ஊறிக்கொண்டே கிடக்கும். நல்லெண்ணெயும் ஆளிவிதை போல இறுகாது.

உங்கள் மகனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. 1983-ல் கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய மறு வருஷம், அப்பா எனக்கு ஒரு பேட் வாங்கித் தந்தார். ஒரு ராத்திரி முழுக்க அதைக் கும்பாவில் நல்லெண்ணெய் ஊற்றி நிறுத்தி வைத்தேன். காலையில் அப்பா பார்த்துவிட்டு, “ஏலே, மரத்துக்கு எண்ண தடவச் சொன்னா குளிப்பாட்டுதியேலே” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பேட் கனத்துப்போனது. பந்து பட்டால் நனைந்த தலையணையில் பட்டது போல அங்கேயே விழும். அந்த வருஷம் முழுக்க இரண்டு இரண்டு ரன்னாகத்தான் ஓடினேன்.

பெயிண்ட் கடையில் கேட்டால் ‘டபுள் பாய்ல்டு’ எடுத்து நீட்டுவார்கள். அது பெயிண்டுக்கு, சீக்கிரம் காய மருந்து கலந்தது. ‘ரா லின்சீட்’ என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரு பூச்சுக்கு ஒரு டீஸ்பூன் போதும். துணியில் தொட்டு முகம், ஓரம், அடிமுனை, பின்பக்கம் எல்லாம் மெல்லிசாகத் தடவ வேண்டும். கைப்பிடியும், அது ஆப்பு போல உள்ளே இறங்கும் ‘வி’ இணைப்பும் தப்ப வேண்டும். எண்ணெய் இறங்கினால் அங்கே பசை விட்டுவிடும். பூசிய பிறகு சுவரில் சாத்தக் கூடாது, எண்ணெய் எல்லாம் அடிமுனைக்கு இறங்கிவிடும். முகம் மேலே பார்க்கப் படுக்க வைத்து ஒரு நாள் விட வேண்டும். இப்படி இரண்டு, மூன்று பூச்சு. முகத்தில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தால் திறந்திருக்கும் இடத்துக்கு மட்டும் தடவினால் போதும்.

இன்னொன்று அம்மா, இது விளையாட்டில்லை. ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடச் சொல்லுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறம் குப்பையில் போடச் சொல்லுங்கள்.

*மழைக்குப் பிறகு ஆடினோம். பேட்டின் அடிமுனை வீங்கிவிட்டது. அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைக்கலாமா?*
*– டென்னிஸ் பால் டீம் கேப்டன், திசையன்விளை*

அடுப்பும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். வேகமாகக் காய்ந்தால் பிளக்கும். ஃபேன் காற்று வரும் நிழலில் நாலைந்து நாள் படுக்க வையுங்கள். நார்கள் முடியும் வெட்டுவாய் அடிமுனையில்தான் இருக்கிறது, தண்ணீர் உறிஞ்சும் வாய் அது. பந்துக்குக் காத்து நிற்கும்போது டொக் டொக்கென்று ஈரத்தரையில் தட்டுகிறீர்களே, ஒவ்வொரு தட்டும் ஒரு மிடறு. காய்ந்த பிறகு அடிமுனையை மூடும் ரப்பர் டோ கார்டு ஒட்டிவிடுங்கள். தேரி மணலில் ஆடியவரை உங்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்காது.

*நம் ஊர் வேம்பில் ஏன் பேட் செய்வதில்லை?*
*– பத்தாம் வகுப்பு மாணவன், சங்கரன்கோவில்*

செய்திருக்கிறேனே! பனை மட்டையில் தொடங்கி பூவரசு, வேம்பு என்று ஏறி வந்தவன்தான் நான். வேப்பம்பேட்டைத் தூக்குவதற்குள் பந்து கீப்பர் கைக்குப் போய்விடும். வில்லோ எடை குறைவு, அடியைத் தாங்கிக் குழியுமே தவிர எளிதில் பிளக்காது. காஷ்மீரில் அனந்தநாக் பக்கம் வளரும் வில்லோ இங்கிலிஷ் வில்லோவைவிடக் கொஞ்சம் கனம், விலை குறைவு.

பேட்டின் அலகு, அதாவது கைப்பிடிக்குக் கீழே உள்ள பலகை, மரமாக இருக்க வேண்டும் என்பது கிரிக்கெட் சட்டம். எந்த மரம் என்று சொல்லவில்லை. 1979-ல் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி பெர்த்தில் அலுமினிய பேட்டோடு இறங்கிப் பெரிய சண்டையே நடந்தது. 2021-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூங்கிலில் செய்து காட்டினார்கள். மூங்கில் புல்வகை, மரம் அல்ல என்று, கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் எம்.சி.சி. சொல்லிவிட்டது. வேம்புக்குச் சட்டத்தில் தடையில்லை தம்பி, தோள்வலிதான் தடை.

*முகத்தில் தலைமுடி போலக் கீறல்கள். பேட் போய்விட்டதா?*
*– கடையநல்லூர் வாசகர்*

இல்லை. ஆடினால் அப்படித்தான் ஆகும். ஓரத்தில் பிளவு என்றால் மரப்பசை விட்டு, துணி சுற்றி இறுக்கிக் கட்டி, ஒரு நாள் கழித்து ஃபைபர் டேப் ஒட்டுங்கள். கைப்பிடி இணைப்பில் ‘கிரீச்’ என்று சத்தம் வந்தால் மட்டும் நீங்களாக எதுவும் செய்யாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

*நான் காலேஜில் ஆடிய பேட்டை என் மனைவி ஜமுக்காளம் அடித்துத் துவைக்க எடுத்துக்கொண்டாள். ஏதாவது சொல்லலாமா?*
*– ஓய்வுபெற்றவர், வண்ணாரப்பேட்டை*

எந்தப் பக்கத்தால் அடிக்கிறார் என்று பாருங்கள். முகத்தால் என்றால் பேசாமல் இருங்கள். ஓரத்தால் என்றால், சாய்வாக அடிக்கச் சொல்லலாம்.