வசந்த காலத்தில் மாடித் தோட்டம் போடலாமா? பாளையங்கோட்டை வெயிலில் இருந்து ஒரு பதில்

"மார்ச், ஏப்ரல் வசந்த காலம் என்கிறார்களே, மாடியில் புதிதாகத் தோட்டம் போட இது சரியான நேரமா? என்ன செடி வைக்கலாம், ரோஜா வருமா, எப்படிப் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் பதினோரு வருடமாகத் தட்டட்டியில் செடி வளர்க்கிறேன். தட்டட்டி என்றால் மொட்டை மாடிதான், எங்கள் ஊர்ப் பேச்சு அது.

முதலில் அந்த 'வசந்தம்' என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இணையத்தில் கிடைக்கிற வசந்த காலத் தோட்டக் குறிப்புகளில் பாதி, பனி உருகும் ஊர்க்காரர்கள் எழுதியவை. அவர்களுக்கு மார்ச்சில்தான் மண் இளகும். நமக்கு இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. அதற்குள்ளேதான் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரைக்கும் அக்னி நட்சத்திரமும் உட்கார்ந்திருக்கிறது. நெல்லையப்பர் கோயிலில் 1756இல் நூறு தூண்களோடு வசந்த மண்டபம் கட்டி, சுற்றித் தோட்டமும் போட்டார்கள். வசந்தத்துக்கு சாமியையே நிழலில் கொண்டுபோய் உட்காரவைத்த ஊர் இது. தட்டட்டியில் இருக்கும் தக்காளிச் செடியை மட்டும் வெயிலில் நிறுத்தினால் எப்படி?

நான் பட்டதைச் சொல்கிறேன். தோட்டம் ஆரம்பித்த முதல் வருடம், மாசிக் கடைசியில் ஒரு நர்சரியில் ஆறு ரோஜாச் செடி வாங்கினேன். எல்லாம் பூவோடு இருந்தன. மத்தியானமே தொட்டிக்கு மாற்றி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நாளில் ஆறும் கருகிவிட்டன. தெருவில் கீரை விற்க வரும் ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏளா, மாசி வெயிலுக்கு ரோசாவ வச்சா நிக்குமா? ஆத்துல போட்ட துட்டுதான்" என்று போய்விட்டார்கள். எனக்கோ, இவ்வளவு தண்ணீர் ஊற்றியும் ஏன் செத்தது என்று விளங்கவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரைச் சுற்றி, நர்சரியில் அடைத்து அனுப்பிய களிமண் உருண்டை அப்படியே இருந்தது, கை முஷ்டி அளவுக்கு. தரையில் ஒரு போடு போட்டதும் இரண்டாகப் பிளந்தது. உள்ளே துளி ஈரம் இல்லை, புழுதி. நான் ஊற்றிய தண்ணீரெல்லாம் உருண்டையின் ஓரமாக வழிந்து, தொட்டி ஓட்டை வழியாக வெளியே போயிருக்கிறது. சுற்றிலும் ஈரம் இருக்க, நடுவில் தாகத்தில் செத்திருக்கிறது செடி.

சரி, இப்போது என்ன விதைக்கலாம் என்பதற்கு வருகிறேன். முதல் கை வெண்டைக்கு. விதையை ராத்திரி ஊறவைத்து மறுநாள் ஊன்றினால் நாலைந்து நாளில் முளைத்துவிடும், நாற்பத்தைந்து நாள் வாக்கில் காய் பறிக்கலாம். ஒன்றரை அடி பைக்கு இரண்டு செடி போதும். காய் வந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆகவேண்டும், இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் விறகாகிவிடும். இலை நரம்பெல்லாம் மஞ்சளாக ஓடினால் அது நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ், மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி எறிவதுதான் வழி.

அடுத்து சீனியவரை, அதாவது கொத்தவரை. தண்ணீர் ஒரு நாள் தப்பினாலும் கோபித்துக்கொள்ளாது. பிறகு தண்டங்கீரை, அரைக்கீரை. கீரை விதையை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். மணலோடு கலந்து தூவிவிட்டு, தொட்டி ஓரமாக ஒரு பிடி அரிசிக் குருணை போட்டுவையுங்கள். எறும்பு அதை இழுத்துக்கொண்டிருக்கும், கீரை அதற்குள் முளைத்துவிடும். பாகல், புடலை, பீர்க்கை எல்லாம் தையிலேயே ஊன்றியிருந்தால் நல்லது, மாசிப் பாதி வரைக்கும் பரவாயில்லை.

தக்காளி, முள்ளங்கி, கேரட், காலிஃபிளவர் இப்போது வேண்டாம். தக்காளிச் செடி வளரும், பூக்கவும் செய்யும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூவெல்லாம் உதிர்ந்துவிடும், நீங்கள் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொட்டுவீர்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்? அவற்றையெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வெயிலைக் கொண்டாடுகிற செடியும் உண்டு. மல்லி. நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டிருந்தால் பங்குனியில் கொத்துக் கொத்தாக மொட்டு வைக்கும். வெட்டவில்லை என்றால் இப்போது போய் வெட்டாதீர்கள், காய்ந்த குச்சியை மட்டும் எடுத்துவிட்டு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். கறிவேப்பிலையும் அப்படித்தான், பங்குனியில் தளிர் தள்ளும். புளித்த மோரில் தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு கூத்து. ஒரு சித்திரை மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு நாற்றெல்லாம் வாடிக் கிடக்கிறதே என்று ஹோஸைத் திறந்துவிட்டேன். அது காலையிலிருந்து வெயிலில் கிடந்த ஹோஸ், மேலே கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. வந்தது வெந்நீர். கையில் பட்டதும்தான் தெரிந்தது, அதற்குள் இரண்டு வரிசைக் கத்திரி நாற்று வெந்துபோயிற்று. இப்போதெல்லாம் காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுகிறேன். மாலையில் என்றால் முதல் வாளியைப் பிடித்துக் குளியலறைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததுதான் செடிக்கு. மத்தியானம் இலை துவள்வதைப் பார்த்துப் பதறவேண்டாம். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்தால் அதற்குத் தாகம் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகும். அதனால் வாரம் ஒருமுறை குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும் நாளில், ஓட்டை வழியாக நன்றாக வெளியேறும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுகிறேன். மண்ணுக்கு மேலே மூடாக்கு கட்டாயம். இங்கே தேங்காய்க்குப் பஞ்சமா? கதம்பையை, அதாவது தேங்காய் உரித்த மட்டையை, பிய்த்துப் பரப்பினால் போதும். புதுக் கதம்பை என்றால் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நிழலுக்கு ஐம்பது சதவீத நிழல்வலை கட்டலாம். நான் முதல் இரண்டு வருடம் பழைய வேட்டியைத்தான் கட்டினேன், செடிகள் ஒன்றும் குறை சொல்லவில்லை.

வெயில் ஏற ஏற மாவுப்பூச்சி வரும், செம்பருத்தியில் முதலில். அதைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போவது எறும்பு, ஆகவே எறும்பை முதலில் விரட்டுங்கள். தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவிவிட்டு, ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். கடை விஷம் வேண்டாம். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் அது அழித்தது. மருந்தடித்து ஓய்ந்த பிறகு 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு பொடிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அதுதான் அடக்கியது. உங்கள் மாடியிலும் அந்த மாதிரி நாலு பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள், அவர்களையும் சேர்த்துக் கொல்லவேண்டாமே.

கொடிக்குப் பந்தல் போடுகிறவர்கள் வைகாசிக்குள் கயிற்றை இறுக்கிவிடுங்கள். அதன் பிறகு காற்று பிடித்துக்கொள்ளும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் என்றால் காற்றோடு சாரலும் சேர்ந்து வரும். எங்களுக்கு வெறும் மேல்காற்றுதான், ஆனால் ஒரு வருடம் என் பீர்க்கம் பந்தலை அப்படியே எடுத்துப் பக்கத்து வீட்டு மதினியின் வற்றல் காய்ந்த சேலைமேல் போட்டது.

கடைசியாக ரோஜா. மழை ஓய்ந்தபின் மார்கழியில் வாங்குங்கள். பூவைப் பார்த்து வாங்காமல் புதுத் தளிர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைக் கிழித்து, அந்த மண் உருண்டையோடு ஒரு வாளித் தண்ணீரில் இறக்குங்கள். குமிழி வந்துகொண்டே இருக்கும். அது நிற்கும்வரை விட்டுவிட்டு, ஓரத்துக் களிமண்ணை விரலால் பைய உதிர்த்து, வேர் அறுபடாமல், சாயங்கால வேளையில் தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும்.