ரோட்மேப்பை யாரிடம், எவ்வளவு சொல்வது?

கேள்வி: எங்கள் ப்ராடக்ட் ரோட்மேப்பை (அடுத்து என்னென்ன அம்சங்கள், எப்போது வரும் என்ற திட்டத்தை) சேல்ஸ், வாடிக்கையாளர்கள், முதலீட்டாளர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். சொன்னால் வாக்குறுதி ஆகிவிடுகிறது, சொல்லாவிட்டால் மறைக்கிறோம் என்கிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மொத்த ஜவுளி வியாபாரிகள் பயன்படுத்தும் பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் ஒன்றில் ஒன்பது வருடமாக ப்ராடக்ட் மேனேஜராக இருக்கிறேன். ஆரம்பத்தில் என்னிடம் ஒரே ஒரு ஷீட்தான் இருந்தது, அதன் லிங்க் எல்லோரிடமும் இருந்தது. எதையும் ஒளிக்காமல் இருப்பதுதான் நேர்மை என்று நம்பினேன்.

அந்த ஷீட்டில் ‘மொபைலில் கலர், சைஸ் வாரியாக ஆர்டர் எடுத்தல் – ஜூலை’ என்று ஒரு வரி. டெவலப்பர்கள் யாரும் அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று அப்போது கணக்குப் போட்டிருக்கவில்லை. வரிசைப்படுத்த ஏதோ ஒரு மாதம் வேண்டும் என்று நான்தான் ஜூலை போட்டேன். சேல்ஸில் இருந்த ஒரு தம்பி அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, திருப்பூரில் ஒரு வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ஜூலை கடைசி வாரம் எனக்கு போன் வந்தது. “நீங்க ஜூலைன்னு போட்டிருந்தீங்களேங்க. அத நம்பித்தானுங்க பசங்களுக்குப் பன்னெண்டு டேப்லெட் வாங்கி வெச்சேன். இன்னும் பொட்டி கூடப் பிரிக்கலைங்க.” அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதத்தை எழுதியது நான்.

அன்றைக்குத்தான் உறைத்தது. ரோட்மேப்பைச் சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர் யாரும் இல்லை. அதை வைத்து ஏதோ ஒரு முடிவு எடுக்கிறார்: டேப்லெட் வாங்குகிறார், ஆள் எடுக்கிறார், ரெனியூவல் செய்யலாமா என்று யோசிக்கிறார். அவர் எடுக்கப்போகும் முடிவு என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு சொல்வது என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது உள்ளே ஒரே மூல ஷீட் இருக்கிறது. டெவலப்மென்ட் டீமும் நானும் மட்டும்தான் அதைத் திறக்க முடியும். மற்றவர்களுக்கு அதிலிருந்து எடுத்துத் தனி ஃபைல் போகிறது. சில நெடுவரிசைகளை மட்டும் மறைத்து வைத்துவிட்டு அதே ஷீட்டின் லிங்க்கைக் கொடுக்காதீர்கள்; காப்பி எடுத்தால் மறைத்ததைத் திறந்துவிடலாம். வெளியே போகும் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ‘இது மார்ச் 3 நிலவரம்’ என்பதுபோல் தேதி இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை யாராலும் தடுக்க முடியாது, ஆனால் ஆறு மாதம் பழைய படம் பழைய படமாகவே தெரியும்.

வாடிக்கையாளருக்கும் சேல்ஸுக்கும் ‘இப்போது, அடுத்து, பிறகு’ என்ற மூன்று கட்டங்கள்தான், மாதம் கிடையாது. சில வாடிக்கையாளர்களிடம் சோதனைக்குப் போய்விட்ட அம்சத்துக்கு மட்டும் தேதி சொல்வோம். நிர்வாகத்துக்கும் முதலீட்டாளருக்கும் அம்சங்களின் பட்டியல் அவ்வளவு தேவைப்படுவதில்லை. எதில் பணமும் ஆட்களும் போகிறார்கள், எது சறுக்கலாம் என்பதைச் சொல்லுங்கள். எல்லோரும் மறந்துவிடுவது சப்போர்ட் டீமை. எந்த ஸ்கிரீனில் எந்த பட்டன் இடம் மாறுகிறது என்பது அவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே தெரிய வேண்டும், ஏனென்றால் ரிலீஸ் அன்று காலை போன் எடுப்பது அவர்கள்தான்.

ஆழம் ஆளுக்கு ஆள் மாறலாம், செய்தி மாறக்கூடாது. வாடிக்கையாளரிடம் ‘அடுத்து’ என்றும் முதலீட்டாளரிடம் ‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது’ என்றும் சொன்னால், இருவரும் ஒருநாள் பேசிக்கொள்வார்கள்.

தேதியைத் தைரியமாகச் சொல்லவேண்டிய இடமும் உண்டு. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸை, அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் முறையை, எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் 10 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அது கட்டாயமானது. பிறகு 2023 மே 10 தேதியிட்ட அறிவிக்கை அந்த வரம்பை 5 கோடியாகக் குறைத்தது. ஆகஸ்ட் 1 முதல் அமல். மூன்று மாதம்கூட இல்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் அந்த 5 முதல் 10 கோடிக்குள் இருந்தவர்கள். அப்போது வாரம் தவறாமல் எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பினோம்: எது தயார், எது சோதனையில், அவர்கள் தங்கள் பக்கம் என்ன செய்து வைக்க வேண்டும். அதற்காக எந்த இரண்டு வேலைகளைத் தள்ளி வைத்தோம் என்பதையும் சேர்த்தே எழுதினோம். யாரும் சண்டை போடவில்லை.

அடுத்த வெர்ஷனைப் பற்றி எப்போது வாய் திறப்பது என்பது தனிக் கதை. இதில் எல்லோரும் சொல்லும் உதாரணம், கம்ப்யூட்டர் கம்பெனி நடத்திய ஆடம் ஆஸ்போர்ன். சிறுவயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர், 2003-ல் கொடைக்கானலில் காலமானார். நம் ஊரோடு அவ்வளவு நெருக்கமான மனிதர் என்று பலருக்குத் தெரியாது. 1981-ல் அவரது கம்பெனி கொண்டுவந்த ஆஸ்போர்ன் 1, சுமார் 11 கிலோ எடையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர், விலை 1,795 டாலர். நன்றாக விற்றது. 1983-ல் அடுத்த மாடல்களைப் பற்றி முன்கூட்டியே பேசியதும், டீலர்கள் கையிலிருந்த மாடலுக்கான ஆர்டரை நிறுத்தினார்கள் என்பது கதை. அந்த செப்டம்பரில் கம்பெனி திவால். கேப்ரோ, ஐபிஎம் கம்ப்யூட்டர்களின் போட்டிதான் முக்கியக் காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாங்கள் டெஸ்க்டாப்பிலிருந்து கிளவுடுக்கு மாறும்போது இதை நினைத்துப் பயந்தேன். இப்போது வாங்குபவருக்குக் கூடுதல் பணம் இல்லாமல் கிளவுட் வெர்ஷன் கிடைக்கும் என்று முடிவாகும்வரை வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிவான அடுத்த நாள் சொன்னோம்.

ஒப்பந்தத்தில் மட்டும் ‘இந்த அம்சம் தருவோம்’ என்று கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். வருமானத்தை எப்போது கணக்கில் காட்டலாம் என்று சொல்லும் இன்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் தரநிலையைப் பின்பற்றும் கம்பெனி என்றால், அப்படி வாக்களித்த அம்சத்துக்குரிய பணத்தை, அதைக் கொடுத்து முடிக்கும்வரை வருமானமாகக் காட்ட முடியாமல் போகலாம். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015 உள்தகவல் விதிமுறைகளும் (வெளியே தெரியாத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுப்பவை) சேரும். அங்கே கம்பெனியின் சட்டக் குழு பார்க்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது.

எல்லாவற்றையும்விட நான் பிடிவாதமாக இருப்பது தள்ளிப்போவதைச் சொல்வதில். தாமதமாகும் என்று எனக்குத் தெரிகிற அன்றே, அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மூன்றே வரி: என்ன மாறியது, ஏன், அதுவரை என்ன செய்யலாம். மூன்றாவது வரி இல்லாமல் நான் அனுப்புவதே இல்லை. ஏற்கெனவே பெட்டியை வாங்கி வைத்திருப்பவருக்கு அந்த வரிதான் தேவை.

திருப்பூர்க்காரருக்கு அந்த அம்சம் ஜனவரியில்தான் போய்ச் சேர்ந்தது. நானே நேரில் போனேன். பன்னிரண்டு டேப்லெட்டையும் சார்ஜ் ஏற்றி, ஆண்ட்ராய்டு அப்டேட் போடவே மதியம் ஆகிவிட்டது; அவர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. இப்போதும் எந்தப் புது அம்சத்துக்கும் முதலில் சோதித்துப் பார்ப்பவர்களில் அவர் ஒருவர். போன் செய்தால் மாதம் கேட்பதில்லை. “சோதனைக்கு வந்துருச்சுங்களா?” என்றுதான் கேட்கிறார்.