ஏற்காடு போனா மட்டும் ஏன் அடிக்கடி யூரின் வருது?

கேள்வி: அம்மாபேட்டைல தறி ஓட்டுறேன். வெயில் காலத்துல நாள் பூரா ரெண்டு தடவைதான் யூரின் போறேன், அதுவும் கடும் மஞ்சளா. ஏற்காடு போனா அடிக்கடி வருதே, ஏன்?

பதில்: குளிர்ல அப்படி வர்றதுக்கு பயப்படாதீங்க. ஒவ்வொரு கிட்னிலயும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான், அதாவது குட்டி குட்டி வடிகட்டி இருக்கு, மைக்ரோஸ்கோப்ல பாத்தா நூல்கண்டு மாதிரி சுருண்ட ரத்தக்குழாய், அதான் குளோமெருலஸ், அங்க ரெண்டு கிட்னியும் சேத்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் நீர் ரத்தத்துலேர்ந்து வடியுது, அதுல 99 சதவீதத்த நுண்குழாய்ங்க திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிடுது, எவ்ளோ பெரிய வேலை பாருங்க! வியர்வை கொட்டுனா ஏடிஎச் ஹார்மோன் கடைசி குழாய்ல இன்னும் தண்ணிய இழுத்துக்க வைக்கும், அதான் மஞ்சள். குளிர்ல தோலோட ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் உடம்புக்குள்ள சேருறதால அந்த ஹார்மோன் குறையுது, வியர்வையும் இல்ல, அதான் அடிக்கடி யூரின் வருது. ஆனா ரெண்டு தடவைங்கறது ரொம்ப கம்மிங்க, கல்லு உருவாகலாம், தறிகிட்டயே தண்ணி பாட்டில் வைங்க.