வாசகர் கேள்வி–பதில்: பேச்சுக்கும் மொழிக்கும் இணையத்தில் துணை தேடுவோருக்கு

பேச்சு, மொழி, கருத்துப் பரிமாற்றம் ஆகியவற்றில் உள்ள சிரமங்களைப் பற்றி இணையத்தில் எதைப் படிக்கலாம், எதை நம்பலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு இருபத்தாறு மாதம் நிறைந்துவிட்டது. நாற்பது சொற்கள் வரை சொல்கிறான். இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வது எப்போதாவதுதான். ஓர் இணையதளத்தின் பட்டியலைப் பார்த்தால் அவன் பின்தங்கியிருக்கிறான். இன்னொன்றைப் பார்த்தால் கவலைப்பட ஏதுமில்லை என்று தோன்றுகிறது. எதை நம்புவது?
— ஒரு தாய்

பதில்: அம்மா, இரண்டில் ஒன்று பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2022-இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது, 100 குழந்தைகளில் 75 பேராவது எட்டியிருப்பார்கள் என்று எதிர்பார்க்கத்தக்க திறன்களை மட்டுமே ஒவ்வொரு வயதுக்கும் நேராக எழுதியது. அதில் ஏறத்தாழ 50 சொற்கள் என்பது 30 மாதத்துக்கு உரியது. ஆஷா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் அடுத்த ஆண்டில் வெளியிட்ட பட்டியலோ அதே 50 சொற்களை 24 மாதம் நிறைவதற்குள் எதிர்பார்க்கிறது. உங்கள் மகன் இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறான். என்னைக் கேட்டால், முன்னதாக எச்சரிக்கும் பட்டியலையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பேச்சு மொழி சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டி, குறை ஏதுமில்லை என்று தெரிந்தால் இழப்பு எதுவும் இல்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று ஓராண்டு தள்ளிப்போட்டால் அந்த ஓராண்டு திரும்பி வராது.

ஆனால் எண்ணுவதற்கு முன் எதை எண்ணுவது என்று தெரிந்திருக்க வேண்டும். உச்சரிப்புச் சிதைந்திருந்தாலும் ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே ஒலியைக் குழந்தை பயன்படுத்தினால் அது ஒரு சொல்தான். நாயைக் காட்டி எழுப்பும் ஒலியும் அப்படியே. வீட்டில் இரண்டு மொழிகள் புழங்கினால் இரண்டிலும் உள்ள சொற்களைக் கூட்டியே எண்ண வேண்டும். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. அதற்காக வீட்டு மொழியைக் கைவிடுமாறு யார் எழுதியிருந்தாலும் அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிடலாம்.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகத் தெரிபவை வேறு சில. நீங்கள் கையால் காட்டாமல் சொல்லும் சிறு வேலையை அவன் புரிந்துகொள்கிறானா? தனக்குப் பிடித்ததை விரல் நீட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பொம்மைக்கு ஊட்டுவது, உறங்கவைப்பது போன்ற பாவனை விளையாட்டு உண்டா? இவையெல்லாம் இருந்து சொற்கள் மட்டும் குறைந்திருப்பது ஒரு நிலை. இவையும் இல்லையென்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத வேறு நிலை. இரண்டிலும் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும், பின்னர் நடுச்செவியில் நீர் தேங்குவதால் கேட்கும் திறன் குறையக்கூடும். இதைப் பற்றித் தெளிவாகப் படிக்க, 1988-இல் அமெரிக்க அரசு நிறுவிய காது கேளாமை மற்றும் கருத்துப் பரிமாற்றக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தின் தளத்தை நாடலாம். என்.ஐ.டி.சி.டி. என்ற சுருக்கப் பெயரில் தேடினால் கிடைக்கும். அங்குள்ள குறிப்புகள் கட்டணமின்றிக் கிடைப்பவை, சுருக்கமானவை, எதையும் விற்காதவை.

மற்றொரு எச்சரிக்கை. எந்த வயதில் எந்த ஒலி வரும் என்று காட்டும் அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை ஆராய்ந்து உருவாக்கியவை. ழகரமோ ளகரமோ அவற்றில் இல்லை. ஆங்கிலப் பன்மை விகுதியும் வினை விகுதியும் வந்துவிட்டனவா என்று கேட்கும் வரிகளுக்குத் தமிழில் பொருளும் இல்லை. அப்படிப்பட்ட பட்டியலைக் கணினி மொழிபெயர்த்துத் தந்தாலும் பயனில்லை. மாறாக, ஆஸ்திரேலியாவின் சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உருவாக்கி, 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் இலவசமாகத் தரும் ஒரு சிறிய வினாத்தாள் உண்டு. அதில் ஏழே கேள்விகள்: குழந்தை பேசுவது பெற்றோருக்குப் புரிகிறதா, வீட்டாருக்கு, உறவினருக்கு, நண்பர்களுக்கு, அறிமுகமானவர்களுக்கு, ஆசிரியருக்கு, முன்பின் தெரியாதவருக்குப் புரிகிறதா என்று ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். எந்த மொழியின் ஒலியையும் அது அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். உங்கள் மகன் இன்னும் சற்று வளர்ந்து வாக்கியமாகப் பேசத் தொடங்கியபின் அது உதவும்.

இப்போதைக்கு, டொரன்டோ நகரில் இயங்கிவரும் ஹானன் மையத்தின் பெற்றோர் கட்டுரைகளைப் படியுங்கள். கவனி, காத்திரு, காதுகொடு என்பதே அவர்களுடைய முறையின் சாரம். 'இது என்ன, அது என்ன' என்று அடுக்கடுக்காகக் கேட்பதை நிறுத்தி, அவன் பார்க்கும் பொருளைப் பற்றி ஒரு சிறு வாக்கியம் சொல்லிவிட்டு, பத்து நொடி வாய் மூடி அவன் முகத்தைப் பார்த்தபடி இருங்கள். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால் அந்தப் பத்து நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

கேள்வி: என் வகுப்பில் ஒன்பது வயது மாணவன் ஒருவன். காது நன்றாகக் கேட்கிறது. கணக்கும் ஓரளவு போடுகிறான். ஆனால் மூன்று கட்டளைகளைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றைத்தான் செய்கிறான். நடந்ததை வரிசையாகச் சொல்ல முடிவதில்லை. எல்லோரும் அவனைச் சோம்பேறி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.
— ஓர் ஆசிரியை

பதில்: உங்களுக்குத் தோன்றாததே அந்தச் சிறுவனின் நல்வாய்ப்பு. நீங்கள் விவரிப்பவை வளர்ச்சிசார் மொழிக் குறைபாட்டின் அடையாளங்களாக இருக்கக்கூடும். பள்ளிக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இது காணப்படுகிறது. அதாவது முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ இருவர். இவ்வளவு பரவலாக இருந்தும் இதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. பேச்சு ஓசை தெளிவாக இருப்பதால் குறை வெளியே தெரிவதில்லை. தெரிவதெல்லாம் கவனமின்மையும் கீழ்ப்படியாமையும்தான்.

தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இதற்கு முன்பு ஆளுக்கொரு பெயர் வழங்கியது. டோரதி பிஷப் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்த பல துறை வல்லுநர்களும் 2016, 2017 ஆண்டுகளில் கலந்து பேசி, வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்பதன் ஆங்கிலச் சுருக்கமான டி.எல்.டி. என்ற ஒரே பெயரை ஏற்றுக்கொண்டார்கள். எனவே பழைய கட்டுரைகளை, முன்பு பரவலாக வழங்கிய எஸ்.எல்.ஐ. என்ற பெயரிலும், புதியவற்றை டி.எல்.டி. என்ற பெயரிலும் தேட வேண்டும். ஆர்.ஏ.டி.எல்.டி. (RADLD) என்ற விழிப்புணர்வு அமைப்பின் தளத்தில் ஆசிரியர்களுக்கான சிறு காணொளிகள் உள்ளன. குறைபாடு உள்ளவர்களே அவற்றில் பேசுகிறார்கள். அதைப் பார்த்த பிறகு சோம்பேறி என்ற சொல் உங்கள் சக ஆசிரியர்களின் வாயில் எளிதில் வராது. முறையான மதிப்பீட்டுக்கு அவனுடைய பெற்றோரிடம் பேசுங்கள். அதுவரை கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கரும்பலகையில் படமாகவோ சொல்லாகவோ எழுதியும் வையுங்கள்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு என் தந்தைக்குச் சொற்கள் வருவதில்லை. ஆம் என்பதற்கு இல்லை என்கிறார்; பிறகு கோபப்படுகிறார். நினைவு தவறிவிட்டதோ என்று உறவினர்கள் பேசுகிறார்கள்.
— ஒரு மகன்

பதில்: அவருக்கு நேர்ந்திருப்பது அஃபேசியாவாக இருக்கலாம், மருத்துவர் அதை உறுதி செய்வார். மூளையில் மொழியைக் கையாளும் பகுதி பாதிக்கப்படும்போது, நினைத்ததைச் சொல்லாக்கும் வழி அடைபடுகிறது. நினைப்பவர் அப்படியே இருக்கிறார். அந்தக் கோபமே அதற்குச் சான்று.

டொரன்டோவில் உள்ள அஃபேசியா இன்ஸ்டிடியூட் 1979-இல் தொடங்கியது. பக்கவாதத்தால் கணவருக்குப் பேச்சு பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி தொடங்கிய அமைப்பு அது. அங்கே வளர்ந்த துணையுடன் உரையாடும் முறையைக் குடும்பத்தார் கற்றுக்கொள்ளலாம். அதன் அடிப்படைப் பாடம் இணையத்திலேயே கிடைக்கிறது. முறை இதுதான்: 'உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், அப்பா' என்று முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பேச்சின் பொருளை ஒரு தாளில் தடித்த எழுத்தில் ஒரே சொல்லாக எழுதிக் காட்டுங்கள். 'ஆம்', 'இல்லை', 'வேறு' என்று மூன்றையும் எழுதி விரலால் தொடச் சொல்லுங்கள். கடைசியில் நீங்கள் புரிந்துகொண்டதைத் திரும்பச் சொல்லிச் சரிதானா என்று கேளுங்கள். உரத்துப் பேச வேண்டாம். வாக்கியத்தை அவருக்காக முடித்துவைக்கவும் வேண்டாம்.

பயிற்சியால் பலன் உண்டா என்று உறவினர் கேட்டால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் நூலகம், 57 சோதனை ஆய்வுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட மதிப்பாய்வைக் காட்டலாம். சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அன்றாடக் கருத்துப் பரிமாற்றத்தில் முன்னேறினார்கள் என்று அது கூறுகிறது. காக்ரேன் மதிப்பாய்வு ஒவ்வொன்றுக்கும் பொதுமக்களுக்கான எளிய சுருக்கம் ஒன்று இருக்கும். அதைப் படித்தால் போதும்.

கேள்வி: ஏழு வயதாகியும் என் மகள் பேசவில்லை, ஆட்டிசம் உள்ளவள். பேசாத குழந்தைகள், பயிற்சியாளர் கையைத் தாங்கிப் பிடிக்க, எழுத்துப் பலகையைத் தொட்டு அழகான வாக்கியங்களை எழுதும் காணொளிகளைப் பார்த்தேன். அழுதுவிட்டேன். அந்தப் பயிற்சிக்குச் சேரலாமா? படப் பலகை கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்றும் சொல்கிறார்களே?
— ஒரு தாய்

பதில்: அம்மா, சேர வேண்டாம். இதைச் சொல்வது எனக்கே கடினமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காணொளியில் நீங்கள் கண்டது உங்கள் மகளின் குரலைக் கேட்கும் நம்பிக்கையை. ஆனால் அந்த எழுத்து யாருடையது என்று சோதித்திருக்கிறார்கள். பயிற்சியாளருக்கு ஒரு படத்தையும் குழந்தைக்கு வேறொரு படத்தையும் காட்டியபோது, பலகையில் எழுதப்பட்டது பயிற்சியாளர் கண்ட படத்தின் பெயர். அவர்கள் ஏமாற்றவில்லை, தம் கை வழிநடத்துவதை அவர்களே அறியவில்லை. முன்பு சொன்ன ஆஷா சங்கம் 1995-இலும் 2018-இலும் இந்த முறைக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. பயிற்சியாளர் பலகையைக் கையில் ஏந்திப் பிடிக்கும் முறையையும் அது 2018-இல் பரிந்துரைக்க மறுத்தது. 2018-ஆம் ஆண்டு அறிக்கைகள் ஆஷா தளத்தில் முழுமையாக உள்ளன.

உங்கள் இரண்டாவது அச்சத்துக்கு நிம்மதியான விடை இருக்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் நம்பத்தக்க சான்று உள்ள 27 பேரைப் பார்த்தார்கள். படம், சைகை, கருவி ஆகியவற்றால் எவருடைய பேச்சும் குறையவில்லை. 24 பேருக்குப் பேச்சு கூடியது. பிறர் கை படாமல் உங்கள் மகளே தொட்டுக் காட்டும் படப் பலகைதான் அவளுடைய குரல். ஸ்பெயின் நாட்டின் அரகோன் மாநில அரசு நடத்தும் அராசாக் தளத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படக் குறியீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. விற்பனை நோக்கமில்லாமல் அச்சிட்டுப் பயன்படுத்தத் தடையில்லை. சிபோர்டு என்ற திறந்த மூல மென்பொருள் உலாவியிலேயே இயங்கும். படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும். நிபுணர் ஒருவரின் துணையுடன் தொடங்குங்கள். பலகையை அவள் கையில் கொடுத்துவிட்டு நிற்காமல், அவளுடன் பேசும்போதெல்லாம் நீங்களும் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். 'வேண்டும்' என்ற படத்தோடு, 'வேண்டாம்', 'நிறுத்து', 'பிடிக்கவில்லை' என்பவையும் முதல் நாளிலிருந்தே அதில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது இருபத்து நான்கு. திக்கிப் பேசுவேன். ஏழு நாளில் குணமாக்குவதாக விளம்பரம் செய்யும் செயலியில் பணம் கட்டலாமா? நேர்முகத் தேர்வை நினைத்தாலே பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகர்

பதில்: கட்ட வேண்டாம். நாள் குறித்துக் குணம் தருவதாகச் சொல்லும் எதையும் இத்துறையில் நம்ப இடமில்லை. தாமே திக்கிப் பேசிய மால்கம் ஃபிரேசர் 1947-இல் நிறுவிய ஸ்டட்டரிங் ஃபவுண்டேஷன் தளத்திலும், பிரிட்டனின் ஸ்டாமா தளத்திலும் பெரியவர்களுக்கான வழிகாட்டிகள் இலவசமாக உள்ளன. அக்டோபர் 22 பன்னாட்டுத் திக்குவாய் விழிப்புணர்வு நாள்; அதையொட்டி 1998 முதல் ஆண்டுதோறும் இணைய மாநாடு நடக்கிறது. திக்கிப் பேசுவோரே எழுதிய பழைய கட்டுரைகளையும் அங்கே படிக்கலாம். வேலைத் தேர்வைப் பற்றி எழுதப்பட்டவற்றிலிருந்து தொடங்குங்கள். தேர்வு அறையில் நுழைந்ததும், 'நான் திக்கிப் பேசுபவன், சற்று நேரம் எடுத்துக்கொள்வேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுவது, மறைக்கும் முயற்சியில் போகும் பலத்தை மிச்சப்படுத்துவதாகப் பலர் எழுதுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தை, திக்கினாலும் நிறுத்தாமல், நம்பிக்கையான ஒருவர் முன் இந்த வாரமே சொல்லிப் பாருங்கள்.